ரூஃபஸின் பெட்டி வெடித்த ஞாயிறு

சிகாகோ மேக்ஸ்வெல் தெருச் சந்தையில் ஞாயிறுதோறும் பாடுகிறவர்களுக்கு வெர்னெல் பெட்டிக்ரூவின் மாடி ஜன்னலிலிருந்து தொங்கும் வயர் வழியாகத்தான் மின்சாரம் இறங்கும். அவள் ரேடியோ தொழிற்சாலையில் பற்றவைப்பு வேலை பார்த்தவள். கணவன் விவாகரத்து செய்துவிட்டுப் போன பிறகு, பாட்டுக்காரர்களின் ஆம்ப்ளிஃபையர்களைச் சமையலறை மேசையில் பழுது பார்த்துக் கொடுத்தாள். கை வேலை செய்யும், வாய் ஓயாது.

ஒரு சனிக்கிழமை கிட்டார்க்காரன் ரூஃபஸ் கெயின்ஸ் தன் ஆம்ப்ளிஃபையர் பெட்டியோடு வந்து நின்றான்.

"மிஸ் வெர்னெல், எதிர்முனைல வாசிக்கிற லாமர் புதுப் பெட்டி வாங்கிட்டான். அவன் தட்டினா என் பாட்டு எனக்கே கேக்கல. இதக் கொஞ்சம் கத்த வைங்களேன்."

"உன் தொண்டையையும் சேத்தா?"

வீட்டு மின்சாரத்தை ஒரே திசையில் திருப்பிவிடுவது ரெக்டிஃபையர் வால்வு. அதைத் தேக்கிவைத்து, உறுமல் இல்லாமல் சீராகக் கொடுப்பது கெபாசிட்டர். வால்வு தன் பங்குக்குக் கொஞ்சம் வோல்டேஜை விழுங்கிவிடும். வெர்னெல் அதைப் பிடுங்கிவிட்டு, அதே வேலையைச் செய்யும் பட்டாணி அளவு டையோடுகளை வைத்தாள். அவை அவ்வளவாக விழுங்காது, சத்தம் கூடும். பழைய கெபாசிட்டர் தாங்குமா என்று ஒரு கணம் யோசித்தாள். கசிவு எதுவும் தெரியாததால் விட்டுவிட்டாள்.

மறுநாள் ரூஃபஸ் சுவிட்சைப் போட்டான். பழைய வால்வைப் போல டையோடுகள் சூடேறக் காத்திருக்காது; பெட்டியின் மற்ற வால்வுகள் சூடேறி மின்சாரத்தை இழுக்கத் தொடங்குமுன்பே முழு வோல்டேஜும் கெபாசிட்டர் தலையில் ஏறியது. டமார்! வெள்ளைப் புகை எழும்ப, கெபாசிட்டருக்குள்ளிருந்த காகிதத் துணுக்குகள் பக்கத்துக் கடை ஓட்டிஸின் பன்றி வறுவல்மேல் பறந்து விழுந்தன. கூட்டம் இதுவும் கச்சேரியில் சேர்த்தி என்று கைதட்டியது.

"யாருக்காவது அடிபட்டுச்சா?" ஜன்னலிலிருந்து கத்தினாள் வெர்னெல்.

"என் வறுவலுக்குத்தான்!" என்றான் ஓட்டிஸ்.

சிரிப்பை அடக்க முடியாமலே கீழே ஓடிவந்தாள். "தப்பு என்னுதுதான் ரூஃபஸ். பழச நம்பிட்டேன்."

மதியத்துக்குள் அதிக வோல்டேஜ் தாங்கும் புதுக் கெபாசிட்டர் போட்டுக் கொடுத்தாள். பெட்டி அலறியது. ரூஃபஸின் முகம் மட்டும் சுருங்கியது.

"சத்தம் இருக்கு. ஆனா முன்ன அழுத்தி அடிச்சா லேசா அமுங்கி, மூச்சு வாங்கி எழும்பும். இப்ப ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு."

அவளுக்குப் புரிந்தது. ஓங்கி வாசிக்கும்போது வால்வு சற்றுத் திணறுமே, அந்தத் திணறலைத்தான் அவன் இத்தனை நாள் தன் குரலாக வைத்துப் பாடியிருக்கிறான். டையோடுகளை எடுத்துவிட்டு வால்வையே திரும்பச் செருகினாள்.

"கெபாசிட்டரையாவது இன்னும் பெருசா போடலாமே?"

"அத நிரப்பி நிரப்பியே வால்வு செத்துப்போயிடும். லாமர் கத்தட்டும். நீ பாடு."

ரூஃபஸ் பாடினான். எதிர்முனைக் கூட்டத்தில் பாதி தெருவைக் கடந்து வந்தது. லாமரும் கிட்டாரைத் தோளில் மாட்டியபடியே வந்து நின்று கேட்டான்.

அன்று மாலை பெட்டியை மேலே தூக்கிவந்த ரூஃபஸ் தயங்கினான். "இது இங்கயே இருக்கட்டுமா?"

"இருக்கட்டும்."

"நானும்?"

"பாத்திரம் கழுவுவியா?"

கழுவினான். கோடையில் இருவரும் சர்ச்சில் மணம் முடித்தார்கள்.