படப்பைக்குப் போன ஞாயிறு

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆயர் கீழ்ப்படிதலைப் பற்றிப் பேசினார். ஆண்டவர் சொன்னதை நாளைக்குச் செய்கிறேன் என்பதும் மறுப்புதான் என்றார். எல்லோரும் ஆமென் சொல்லிவிட்டு, சாப்பாட்டு நேரமாகிவிட்டதே என்று வீட்டுக்கு விரைந்தார்கள். அம்மா மட்டும் விரையவில்லை.

அம்மா நர்ஸ். நைட் டூட்டி முடித்து, குளித்த கையோடு சர்ச்சுக்கு வந்திருந்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அப்பாவிடம், "படப்பைக்குப் போய் அக்காவப் பாத்துட்டு வந்துடறேன்" என்றாள்.

தாத்தாவை அடக்கம் செய்த அன்று போட்ட சண்டைக்குப் பிறகு பெரியம்மாவும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை. முதலில் வாயை விட்டது பெரியம்மாதான். அம்மாவும் சளைக்கவில்லை.

"தூங்கி எழுந்து சாயங்காலம் போயேன். இல்லேன்னா போன் பண்ணிடு" என்றார் அப்பா.

"சாயங்காலம்னா போகமாட்டேங்க. எனக்கு என்னைத் தெரியும்."

துணைக்கு என்னை அனுப்பினார்கள். தாம்பரத்தில் பஸ் ஏறி, பாதி வழி நின்றுகொண்டே போனோம். எனக்குப் பசி. அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன.

பெரியம்மா கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றாள். தாழ்ப்பாளைத் தொடக்கூட இல்லை.

"அக்கா, அன்னைக்கு நான் பேசினது தப்பு. மன்னிச்சிடு."

பெரியம்மா புடவைத் தலைப்பில் ஈரக் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "சரி. பிள்ளைய வெயில்ல நிக்க வைக்காத" என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

பஸ் ஸ்டாப்புக்குத் திரும்பி வந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஆண்டவர் சொன்னார்னுதானே வந்தோம்? ஒரு வாய் தண்ணிகூடக் குடுக்கலையேம்மா!"

"என்னைப் போகச் சொன்னார், வந்தேன். அவளுக்கு என்ன சொன்னாரோ, எனக்கெப்படித் தெரியும்?"

அடுத்த வாரமாவது ஆண்டவர் அம்மாவிடம் எதுவும் சொல்லாமல் இருக்க வேண்டும் என்று அந்த பஸ் ஸ்டாப்பிலேயே ஜெபம் செய்தேன்.

திரும்பும்போது உட்கார இடம் கிடைத்தது. பஸ் கிளம்புவதற்குள் அம்மா என் தோளில் சாய்ந்துவிட்டாள். சண்டை போட்ட நாளிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கம் கிடையாது. பகலில் படுத்தாலும் புரண்டுகொண்டே இருப்பாள். இப்போது வாய் லேசாகத் திறந்திருக்க, கண்டக்டர் விசில் அடித்தும் அசையவில்லை.

"அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லையாம்மா?" என்று பக்கத்து சீட்டு அக்கா கேட்டாள்.

"ஆமாக்கா" என்றேன் கவலையோடு. உடம்பு சரியில்லாதவர்கள் அப்படித் தூங்குவதில்லை என்று எனக்கு அப்போது தெரியாது.