பிலோமீன் பெரியம்மா வைக்காத புள்ளிகள்

பிலோமீன் பெரியம்மா வடக்குக் காட்டில் எண்ணெய் எடுக்கிறவர்கள் தங்கும் முகாமின் சமையற்கட்டில் பதினொரு வருடம் ரொட்டி சுட்டாள். அதற்கு முன்னும் பின்னும் பொறி வைத்து, பீவர் என்கிற ஆற்று விலங்கைத் தோலுக்காகப் பிடித்தாள். பெரியப்பா இறந்த பிறகும் அந்தக் காட்டில் பொறி வைக்கும் உரிமை அவள் பேரில்தான் இருக்கிறது.

எங்கள் க்ரீ பழங்குடியினர் வீட்டுக்கு ஒரு விஷயம் கேட்டு வருபவர் புகையிலை கொண்டுவர வேண்டும். வீட்டுக்காரர் அதை வாங்கிக்கொண்டால் கேட்டதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். முன்பு பல்கலைக்கழகத்துப் பெண் ஒருத்தி அப்படி வந்தாள். பெரியம்மா வாங்கிக்கொண்டு, தொண்டை வலிக்கு மெல்லும் வேர் முளைக்கிற சதுப்புக்கு அவளைக் கூட்டிப்போனாள். அந்தப் பெண் எழுதிய கட்டுரையில் இடத்தின் பெயரும் இருந்தது. மறு கோடையில் லாரியில் வந்த யாரோ கரை நெடுக வேரைப் பிடுங்கிப் போயிருந்தார்கள்.

இந்த மார்ச்சில் சுரங்கக் கம்பெனி கிரேம் என்பவனை அனுப்பியது. அவனும் மேசைமேல் புகையிலைப் பொட்டலத்தை வைத்தான். பெரியம்மா அதைத் தொடவில்லை. மூஸ் மான் சூப்பு ஊற்றிக் கொடுத்தாள்.

அவன் வரைபடத்தை விரித்தான். வேட்டைக்கும் வேருக்கும் போகிற இடங்களில் புள்ளி வைக்கச் சொன்னான். அவற்றை விட்டுவிட்டுத் தோண்டுவார்களாம். புள்ளி இல்லாத இடம், யாரும் புழங்காத இடம் என்று பதிவாகுமாம்.

"வச்சா வேர் எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்குவான். வைக்கலைன்னா யாரும் இல்லன்னு தோண்டுவான்," என்று பெரியம்மா பக்கத்தில் இருந்த என்னிடம் எங்கள் மொழியில் சொன்னாள். "பொறி நல்லாத்தான் வச்சிருக்கான்."

பிறகு அவன் வீடு எங்கே என்று கேட்டாள். எட்மண்டன் நகரம் என்றான்.

"உங்க வீட்டுல நீங்க புழங்குற எடத்துக்கெல்லாம் புள்ளி வைங்க தம்பி. மிச்ச எடத்துல நான் கூடாரம் போட்டுக்கறேன்."

அவன் காது சிவந்தது. சிரிக்கவும் செய்தான்.

பெரியம்மா பேனாவை எடுத்து, ஆற்றிலிருந்து மேட்டுக்காடு வரை முழுவதையும் தீட்ட ஆரம்பித்தாள். பாதியில் மை தீர்ந்தது. அவனே இன்னொரு பேனா கொடுத்தான். கம்ப்யூட்டர் புள்ளிகளை மட்டும்தான் ஏற்கும் என்று மெதுவாகச் சொன்னான். அதற்கு நான் என்ன செய்யட்டும் என்று கேட்டுவிட்டு அவள் தீட்டிக்கொண்டிருந்தாள். அவன் கிளம்பும்போது, தொடாத புகையிலைப் பொட்டலத்தை அவன் கோட்டுப் பையில் அவளே செருகினாள்.

ஜூனில் கம்பெனியின் அறிக்கை வரைபடத்தோடு வந்தது. பெரியம்மா பேருக்கு ஒரே ஒரு புள்ளி, அவள் வீடு. வேர் முளைக்கிற சதுப்பு அதில் வெறுமையாக இருந்தது.

அறிக்கையை நான் படித்துக் காட்டிய வாரமே அவள் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு, வீடு இனி அங்கேதான் என்று சதுப்புக்குக் குடிபோய்விட்டாள். தோண்டுவதற்கு நிலம் அளவெடுக்க வந்தவர்கள் இதுவரை இரண்டு முறை திரும்பிப் போயிருக்கிறார்கள். இரண்டு முறையும் டீ கொடுத்துத்தான் அனுப்பினாளாம்.