சுக்ரா கொடுத்த மாத்திரை

பஷீர் அஹமதுவுக்கு யாரிடமும் மறுத்துப் பேச வராது. ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இருபது வருடமாக உருப்படிகளை அளந்து பார்க்கும் வேலை. மைக்ரோமீட்டரில் நூலளவு பிசகினாலும் கூசாமல் ஒதுக்கித் தள்ளுவார். ஆட்களிடம்தான் அந்தக் கண்டிப்பு எடுபடாது.

மனைவி ஜெய்னப் காலமான பிறகு வீட்டில் அவர் மட்டும்தான். தொண்ணூற்றாறில் கம்பெனி டாக்டர் அவர் ரத்தத்தைச் சோதித்து, ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு அறுநூற்றைத் தாண்டிவிட்டதென்று ஜெம்ஃபைப்ரோசில் மாத்திரை எழுதிக் கொடுத்தார். விஷயம் தெரிந்து பதறிய மகள் சுக்ரா, அவரைத் தான் வாழும் பெங்களூருக்கு அழைத்துப்போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டினாள். அவர் கொலஸ்ட்ராலுக்கு லோவாஸ்டாட்டின் கொடுத்தார். வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று அந்த டாக்டர் கேட்டதற்குப் பஷீர் பொதுவாகத் தலையாட்டி வைத்தார். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு டாக்டர், அந்தப் பக்கம் ஒருவர். இருவர் மனமும் கோணக் கூடாதென்று இரண்டையும் விழுங்கினார். மரியாதைக்கும் ஒரு அளவு வேண்டாமா?

அதுவரை பெருநாளைக்கு மட்டும் பேசிவந்த சுக்ரா, இப்போது ஞாயிறுதோறும் காலை ஒன்பது மணிக்கு நஞ்சம்மாவின் டெலிபோன் பூத்துக்குப் போன் செய்தாள்.

"அத்தா, மாத்திர போடுறீங்களா?"

"தவறாம போடுறேம்மா."

பேச்சு அவ்வளவுதான். அதற்கே எட்டரைக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். மற்ற ஆறு நாளும் வீட்டில் அவரை ஒரு வார்த்தை கேட்க ஆளில்லை.

இரண்டு மாதத்தில் தொடையெல்லாம் வலி. ஷிஃப்ட்டில் நின்றதால் என்று தைலம் தேய்த்துக்கொண்டார். ஒருநாள் கம்பெனி பஸ் படியில் கால் ஏறவில்லை. சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போனது. பயந்துபோய்க் கம்பெனி டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"ரெண்டையும் சேத்துப் போட்டா தசை கரைஞ்சு கிட்னிய அடைச்சிரும். நீங்க சாகறதுக்கா எழுதிக் குடுத்தேன் நான்?"

இரண்டையும் நிறுத்தி ஆஸ்பத்திரியில் படுக்கப் போட்டார்கள். ஞாயிறு போனுக்கு ஓவர்டைம் என்று நஞ்சம்மாவைச் சொல்லச் சொல்லி, சுக்ராவுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார் பஷீர். தேறிய பிறகு மறுபடி சோதித்துவிட்டு டாக்டர் சொன்னார்: "உங்களுக்கு ஏறியிருக்கறது ட்ரைகிளிசரைடு. அதுக்கு நம்ம மாத்திரதான். பெங்களூர் மாத்திர கொலஸ்ட்ராலுக்கு. அத இனிமே தொடக்கூடாது."

"பெங்களூர் மாத்திரய வச்சுக்கிட்டு இத நிறுத்தலாங்களா சார்?"

"ஏன்?"

பஷீர் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் "போடுறேம்மா" என்றே சொல்லிவந்தார். மாதாமாதம் மருமகன் கொடுத்தனுப்பிய மாத்திரை அட்டைகளைப் பிரிக்காமல் பிஸ்கட் டின்னில் போட்டுவைத்தார். பக்ரீத்துக்கு வந்த சுக்ரா சீனி தேடி அந்த டின்னைத் திறந்துவிட்டாள்.

"நான் குடுத்தது மட்டும் வேணாமா அத்தா?"

நடந்ததைச் சொன்னார். சொல்லிவிட்டுத் தலை குனிந்துகொண்டார். "அதப் போட்டா கால் போயிடும்னாரு டாக்டரு. போடலைன்னா உன் போன் போயிடும்னு நெனச்சேன்."

அவள் அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு எட்டு மணிக்கே பூத்தில் உட்கார்ந்தார். ஒன்பது அடித்து இருபது நிமிடம் ஆயிற்று.

"லைன் கெடைச்சிருக்காது பாய், இருங்க," என்றாள் நஞ்சம்மா.

ஒன்பதரைக்கு மணி அடித்தது.

"அத்தா, அந்த மாத்திரயப் போடலதானே?"

"போடலம்மா," என்றார்.