பன்னிரண்டு முழத்துக்கு ஏழு நாள்

வெள்ளிக்கிழமை பூஜைக்காக இடுப்பு ஒடிய வீடு துடைத்துக்கொண்டிருந்தபோது, நனைந்த சாக்கின் வாசனையில், ஆரணியில் நான் எட்டாவது படித்த தகரக் கொட்டகை வகுப்பு, ஈரச் சாக்கால் துடைத்த கரும்பலகையோடும் மத்தியானப் புழுக்கத்தோடும், பக்கத்துத் தெருவிலிருந்து ஓயாமல் கேட்ட தறிச் சத்தத்தோடும் நினைவுக்கு வந்தது; இப்போது அங்கே கல்யாண மண்டபம் நிற்கிறது.

கணக்கில் ஃபெயிலானால் பள்ளிக்கூடத்தை நிறுத்தி நூல் சுற்ற உட்கார வைத்துவிடுவேன் என்று அப்பா சொல்லியிருந்தார். அரைப் பரீட்சையில் ஒரு கணக்கு: நெசவாளி நாளைக்கு இரண்டு முழம் நெய்தால் பன்னிரண்டு முழப் புடவைக்கு எத்தனை நாள்? 2x = 12 என்று ஒழுங்காகப் போட்டு, x = 6 என்றும் கண்டுபிடித்து, விடை மட்டும் ஏழு நாள் என்று எழுதினேன். அந்த இரண்டு மார்க் போய், முப்பத்துமூன்றில் ஃபெயில்.

"ஏழு எங்கேருந்துடி வந்துச்சு?" என்றார் டீச்சர்.

"பரீட்சை வாரத்துல அமாவாசை வந்துச்சே டீச்சர். அன்னிக்குத் தறியில உக்கார மாட்டாங்க."

"எக்ஸுக்கு ஏதுடி அமாவாசை?" வகுப்பே சிரித்தது.

பயந்துகொண்டே பேப்பரை அப்பாவிடம் நீட்டினேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அமாவாசையோட ஏழுதானே சரி? என் பொண்ணு கரெக்டாத்தான் போட்டுகீது" என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். எனக்குப் போன உயிர் வந்தது. மனசுக்குள் அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றினேன்.

அப்புறம் என் தலையைத் தடவினார். "தறிக் கணக்கே இவ்ளோ தெரிஞ்சு வெச்சிகினுகீற. இன்னும் ஸ்கூல்ல என்னாம்மா கத்துக்கப் போற? நாளையிலேர்ந்து வூட்லயே இரு."

திட்டியிருந்தால் அழுது கெஞ்சியிருப்பேன். அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னவரிடம் என்னவென்று கெஞ்சுவது?