உத்தரவு இல்லாத காவல்

அந்தத் தேர்தலுக்கு எங்கள் வீட்டுக்கு ஓர் ஓட்டு தபாலில் வந்தது. எனக்கு அல்ல, அண்ணனுக்கு.

பெட்டிக்கொரு சின்னம் ஒட்டி வைத்திருந்த காலம் போய், ஒரே தாளில் முத்திரை குத்தும் முறை வந்திருந்த சமயம். அண்ணன் முனிசிபல் பள்ளிக்கூடத்து வாத்தியார். செங்கம் பக்கத்தில் ஒரு கிராமத்துச் சாவடியில் அவருக்குத் தேர்தல் வேலை. அன்றைக்கு ஊரில் இருக்க மாட்டார் என்பதால் வீடு தேடி வந்தது அந்தப் பழுப்பு உறை. உள்ளே ஓட்டுச்சீட்டு, அதை ஒட்டி வைக்க ஒரு சின்ன உறை, சின்ன உறையைப் போட ஒரு பெரிய உறை, கையெழுத்துப் போட ஓர் உறுதிமொழித் தாள். என் மடியில் பரப்பிவைத்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன்.

மூன்று வயதில் வந்த காய்ச்சலோடு போனவை என் கால்கள். தேரடித் தெருவில் பாத்திரக் கடைக்கு மேலே எங்கள் வாடகை மாடி. பதினேழு படி. ஒன்பதாவது படியில் படிக்கட்டு சுவரோடு திரும்பும். அந்தத் திருப்பத்தில் நாற்காலி திரும்பாது. என்னைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பத் தெரிந்தவர் அண்ணன் ஒருவர்தான். தீபத்துக்கு ஒரு தடவை, ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை. வருஷத்தில் எனக்கு வாய்த்த தெரு அவ்வளவே. மிச்ச நாளெல்லாம் ஜன்னல். மலையைச் சுற்றப் போகிறவர்களின் தலைகள், திரும்பி வருகிறவர்களின் தலைகள். கால்கள் என் ஜன்னலுக்குத் தெரியாது.

"நடக்கறவருக்கு வீடு தேடி வருது. எனக்கு ஏன் வரல?" என்றேன்.

"நீ டூட்டியில இல்லியே பாப்பா" என்றார் அண்ணன். இருபத்தொன்பது வயதிலும் நான் பாப்பாதான்.

அண்ணி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "காலையிலேர்ந்து அரிசி பொறுக்கி, உளுந்து அரைச்சிக் குடுத்துச்சே, அது டூட்டி இல்லீங்களா? எங்க டூட்டிக்கெல்லாம் சர்க்கார் கவர் அனுப்பாதா?"

அண்ணன் சிரித்துக்கொண்டே, யாருக்கெல்லாம் தபால் ஓட்டு உண்டு என்று சொன்னார். பட்டாளத்தில் இருப்பவர்கள். தேர்தல் வேலையில் இருப்பவர்கள். தடுப்புக் காவலில் வைக்கப்பட்டிருப்பவர்கள்.

"கடைசியா என்னா சொன்னீங்க?"

"தடுப்புக் காவல். குத்தம் பண்றதுக்கு முன்னாடியே புடிச்சி உள்ள வெக்கறது."

அன்று முழுக்க அந்தச் சொல் என்னை விடவில்லை. ஒரு குற்றமும் செய்யவில்லை. உள்ளே இருக்கிறேன். வேறு எப்படி இருந்தால் அதற்குக் காவல் என்று பெயர்?

மறுநாள் அண்ணன் பள்ளிக்கூடம் போனதும் தாலுகா ஆபீசுக்கு மனு எழுதினேன். "ஐயா, மேற்கண்ட முகவரியில் இருபத்தாறு ஆண்டுகளாகத் தடுப்புக் காவலில் இருக்கிறேன். வாக்காளர் பட்டியலில் என் பெயர் உள்ளது. காவலில் இருப்பவர்களுக்கு உரிய தபால் ஓட்டுச்சீட்டை எனக்கும் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்." பாதி குறும்பு. மீதியைக் குறும்பு என்று சொல்ல மாட்டேன். கால்களைப் பற்றி ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். தெருவுக்கே தெரிந்த கால்கள் ஆபீசுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் ஒரு குமாஸ்தாவும் ஒரு போலீஸ் ஏட்டும் படியேறி வந்தார்கள்.

"இங்க யாரையோ இருபத்தாறு வருஷமா அடைச்சி வெச்சிருக்கறதா மனு வந்திருக்கு" என்றார் ஏட்டு, மூச்சு வாங்க. "யாரும்மா அது?"

அண்ணியின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"நான்தாங்க."

"யாரு அடைச்சி வெச்சது? அண்ணனா?"

"படிக்கட்டுங்க."

ஏட்டு திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தார். பிறகு புடவைக்குள் மடங்கிக் கிடந்த என் கால்களை. "அதானே! நானே ரெண்டு எடத்துல நின்னுட்டுதான் வந்தேன்."

குமாஸ்தா சிரிக்கவில்லை. "வெளாட்றீங்களாம்மா? காவல்னா உத்தரவு இருக்கணும். நம்பர் இருக்கணும். யாரு போட்ட உத்தரவு?"

"கோயில்ல இருக்கறவரத்தாங்க கேக்கணும்."

ஏட்டு சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். குமாஸ்தா மனுவைத் திருப்பி அதன் முதுகில் எழுதினார், எழுதியதை வாசித்தும் காட்டினார்: "மனுதாரர் எவருடைய காவலிலும் இல்லை. சுதந்திரமாக இருக்கிறார்." கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

"கடைசி வரிய அடிச்சிட்டுப் போடலாங்களா?"

"அடிச்சா, பொய் மனு குடுத்தீங்கன்னு நான் எழுதணும். அண்ணன் வாத்தியார் உத்தியோகம்தானே?"

"போட்டுடு பாப்பா" என்றாள் அண்ணி.

போட்டேன். அதற்கப்புறம் எத்தனையோ தாள்களைக் கறுப்பாக்கியிருக்கிறேன், எதிலும் என் பெயர் அவ்வளவு கோணலாக விழுந்ததில்லை.

சாயங்காலம் அண்ணன் திட்டவில்லை. தன் ஓட்டுச்சீட்டை என் பக்கம் நகர்த்தினார். "யாருக்கு வேணா நீயே போடு. நான் ஒட்டி அனுப்பிடறேன்."

"அது உங்க ஓட்டுண்ணா. எம்பேரு சொல்லிக் கூப்புடணும். நான் இருக்கேன்னு நான் சொல்லணும். எனக்கு அதான் வேணும்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, எனக்குத் தெரியாமல், தன் ஓட்டைத் தானே போட்டார்.

தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். என்னை இறக்கத் தெரிந்த ஒரே தோளும் தேர்தல் வேலைக்குப் போயிற்று. ஒரு கட்சிக்காரர்கள் வந்து, "தூக்கிட்டுப் போயி தூக்கிட்டு வந்துடறோம், சின்னத்த மட்டும் மறந்துடாதீங்க" என்றார்கள். அடுத்த கட்சியும் வந்து அதையே சொன்னது. ஆம்பளைகள் தூக்குகிற வேலை வேண்டாம் என்றாள் அண்ணி. எனக்குக் காரணம் வேறு. எந்தத் தோளில் போனாலும் என் ஓட்டு அந்தத் தோளுக்குத்தான் என்று தெருவே முடிவுகட்டிவிடும்.

அன்று காலை சமைத்து வைத்துவிட்டு அண்ணி சாவடிக்குப் போனாள். நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுதந்திரமாக இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் அல்லவா நான்? தரையில் இறங்கி, கைகளை ஊன்றி நகர்ந்தேன். முதல் படி. கால்களைக் கையால் எடுத்துக் கீழே வைப்பது, பிறகு உடம்பை இறக்குவது. இரண்டு. மூன்று. எட்டு வரைக்கும் எண்ணினேன்.

ஒன்பதாவது படி முக்கோணம். உள்பக்கம் நாலு விரல் அகலம்கூட இல்லை. கால்கள் எதிர்ச்சுவரில் முட்டிக்கொண்டன. உடம்பைத் திருப்ப முடியவில்லை. மேலே தள்ளிப் போகவும் கையில் பிடிப்பில்லை. உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. பகலிலேயே இருட்டான இடம் அது. கீழே கடையில் பித்தளை தேய்க்கும் புளி வாசனை. "இப்ப கூட்டம் கம்மி, போனா சட்டுனு வந்துடலாம்" என்று யாரோ யாரிடமோ சொல்வது கேட்டது. கூப்பிட்டிருக்கலாம். வருகிறவர்கள் அதே தோள்களோடுதான் வருவார்கள். வாயை மூடிக்கொண்டேன். அண்ணி வரட்டும், இரண்டு பேருமாக இறங்கிவிடலாம் என்று காத்திருந்தேன்.

மத்தியானம் தாண்டி வந்தாள். இடது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

"அய்யோ, என்னா பண்ணி வெச்சிருக்க!"

"கீழ இழுங்கண்ணி. இன்னும் நேரம் இருக்கு."

ஒற்றைக் கையால் இழுத்துப் பார்த்தாள். இரண்டு அங்குலம் வந்திருப்பேன். நிறுத்திவிட்டாள். "முடியல பாப்பா. கைய வுட்டன்னா உருண்டுடுவ. மேல போயிடலாம்."

"எம்பேரு இருந்துச்சா?"

"இருந்துது. எம்பேருக்கு அடுத்தது உம்பேருதான். படிச்சாரு."

"என்னா சொன்னீங்க?"

"வரலன்னு சொன்னேன். வேற என்னா சொல்றது?"

என்னைத் தாண்டி மேல்படிக்கு ஏறி, பின்னாலிருந்து கக்கத்தில் கை கொடுத்தாள். ஒரு கை போதவில்லை. முந்தானைக்குள் இருந்த கையையும் எடுக்க வேண்டியதாயிற்று. சுட்டுவிரலில் நகக்கணுவை ஒட்டிக் கறுப்பு மை. நான் பார்த்தது அவளுக்குத் தெரியும்.

எட்டுப் படியும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினோம். என் நெஞ்சுக்கு முன்னால் கோத்திருந்த அவள் கைகளில், ஒவ்வொரு படியிலும் அந்த விரல் தெரிந்துகொண்டே வந்தது.