அலுமாரி நிறையப் பதக்கம்

கொடிகாமத்துத் தியாகராசாவுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் வெள்ளைக்காரத் தளபதிகள்தான். கூட்டுறவுச் சங்கத்தில் மனேஜராக இருந்து இளைப்பாறிய மனுசன். வெற்றிலை, சுருட்டு, குடி ஒன்றும் கிடையாது. உலகப் போர்களில் படை நடத்தியவர்களின் முகம் பொறித்து அந்தக் காலத்தில் வெளியிட்ட நினைவுப் பதக்கங்களைச் சேர்ப்பார். லண்டனில் இருக்கும் தம்பி பழஞ்சாமான் சந்தைகளில் தேடி வாங்கி அனுப்புவார். "எங்கடை சண்டைக்காரர் ஒருத்தரும் இல்லையோ?" என்று யாராவது கேட்டால், "எனக்கு நிம்மதியா நித்திரை கொள்ளவேணும்" என்பார். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

சேர்த்தது சரி, பார்க்கத்தான் ஆளில்லை. மனைவி அருந்ததி அந்த அறைப்பக்கமே போகமாட்டாள். மகள் நிவேதனாவுக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினால், "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்றபடி போனைத் தட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்கும் முப்பது தாண்டிவிட்டது. வந்த சம்பந்தமெல்லாம் ஏதோ ஒரு சாட்டில் குழம்பிப்போயின. இப்போது வந்திருக்கும் இதுவும் போனால் இனிக் கேட்டுவர ஆளில்லை என்று அருந்ததி அழுதேவிட்டாள். தியாகராசாவுக்கும் அந்தப் பயம்தான்.

தொண்டைமானாற்றிலிருந்து மாப்பிள்ளை பகுதி வந்தது. மாப்பிள்ளை கஜானன், நில அளவையாளர். தேத்தண்ணி குடித்த கையோடு அவனுடைய தாய் கேட்டாள்:

"அலுமாரி நிறையப் பதக்கம் இருக்காமே அண்ணை? தரகர் சொன்னவர். ஒருக்கால் பார்க்கலாமோ?"

அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ஓடிப்போய்த் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். வெண்கலமும் ஈயமுமாக மீசைக்கார வெள்ளையர் வரிசையாக முறைத்தார்கள். தாய்க்காரியின் கை, தன் சங்கிலியில் தொங்கிய பொன் பதக்கத்துக்குப் போனது.

"உதுகளே? நான் நகை எண்டெல்லோ நினைச்சன்."

அந்தத் தரகரைக் கட்டிவைத்து உரிக்கவேண்டும். அப்போதுதான் தியாகராசாவுக்கு விசயமே விளங்கியது. கஜானன் ஒரு பதக்கத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இது ஆர் அங்கிள்?" என்று கேட்டான்.

இத்தனை வருடமும் இந்த ஒரு கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார். ஆனால் தாய்க்காரி கைப்பையைத் தூக்கிவிட்டாள். கதவடியில் மகள் நிற்கிறாள்.

"உது சும்மா தகரம் தம்பி. குப்பை. நாளைக்கே எறிஞ்சுபோடுவன்" என்றார். சொல்லிக்கொண்டே தட்டுகளை அடுக்கத் தொடங்கினார்.

"தகரமில்லை, வெண்கலம்" என்றாள் நிவேதனா. "அவர் கிச்சினர். முதலாம் யுத்தத்திலை கப்பல் கடலிலை மூழ்கிச் செத்தவர். நீங்கள் ஒண்டையும் எறியத் தேவையில்லை அப்பா."

தியாகராசா மகளைப் பார்த்தார். இவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். மனுசனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எழும்பு தம்பி, போவம்" என்றாள் தாய்க்காரி.

கஜானன் எழும்பவில்லை. நிவேதனாவைப் பார்த்து, "எந்தக் கப்பல்?" என்று கேட்டான்.