கடைசி பஸ்காரரின் பேரிங்

“மொதல்ல அந்த ஃபேனை நிறுத்துப்பா.”

உதிரிபாகக் கடைக்குள் நுழைந்ததும் அவர் கேட்பது இதைத்தான். காத்திருப்பவர்கள் காலரைத் தூக்கி ஊதிக்கொண்டு நிற்க, அவர் சக்கரத்துக்கான பேரிங்கின் துளைக்குள் சுட்டுவிரலை நுழைத்து, காதருகே பிடித்து, வெளிவளையத்தைச் சுழற்றுவார். கரகரப்பு கேட்டால் முகம் சுளித்து மேசைமேல் தள்ளிவிடுவார்.

பிண ஊர்தி ஓட்டுகிறவர், சொந்த வண்டி. அந்த மாடலை அதன் கம்பெனியே மறந்துவிட்டது, இவர் விடவில்லை. எங்கள் பகுதியில் அவருக்கு ‘கடைசி பஸ்’ என்று பெயர். அதற்கு அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. கோபமெல்லாம் போன மாதம் வாங்கிய பேரிங் மேல்தான்.

இதே கடையில், பெரிய கம்பெனிப் பெட்டியில் வாங்கியது. இடுகாட்டுக்குப் போகும் வழியில் பின்சக்கரம் புகைந்து, இறுகி, நின்றேவிட்டது. உள்ளே ஒரு கிழவரின் உடல். வாழ்நாள் முழுக்கத் தள்ளுவண்டியில் பழைய இரும்பு வாங்கியவர். மகன்கள் சவப்பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தார்கள். “எங்கப்பாவுக்கு இன்னைக்காவது வண்டியில போற யோகம் இல்லியா?” என்று மகள் கேட்டாளாம். அதைச் சொல்லும்போதெல்லாம் இவருக்குக் குரல் உயர்ந்துவிடும். “நான் என்ன பதில் சொல்ல? கம்பெனிப் பெட்டிதாம்மா, உள்ள இருந்த பேரிங்தான் போலின்னா சொல்ல முடியும்?”

அன்று நான் ஸ்கூட்டருக்கு பல்பு வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் புதுப் பெட்டியைப் பிரித்து நீட்டினார்.

“பழைய வண்டிக்கு இது போதும்ண்ணே. ஏத்துறது பொணம்தானே? எந்திரிச்சு வந்து கேக்கவா போகுது?”

“அது கேக்காது. கூட உக்காந்து அழுவுறவங்க உசுரோடதானே இருக்காங்க? ஓட்டுற நான் உசுரோட இல்லியா? உன் வீட்டுல ஒருத்தர் போறப்போவும் இதைத்தான் மாட்டச் சொல்லுவியா?”

“வாயைக் கழுவுங்கண்ணே!”

“நீ மொதல்ல இதைக் கழுவு.”

சொல்லிவிட்டு, பெட்ரோலில் நனைத்த துணியால் இவரே வளையத்தைத் தேய்த்தார். கம்பெனிப் பெயர் துணியோடு வந்துவிட்டது. அசலில் எழுத்து இரும்பில் பதிந்திருக்கும். இது வெறும் மை. துணியைக் கடையிலிருந்த ஒவ்வொருவர் மூக்குக்கு நேராகவும் காட்டினார். பிரேக் கட்டை வாங்கிய ஒருவர், தன் பொட்டலத்தைச் சத்தமில்லாமல் பிரிக்க ஆரம்பித்தார்.

“உன் சொந்த லாரிக்கும் இதே நம்பர் பேரிங்தான். அதுக்குன்னு உள்ள வெச்சிருக்கியே, அதை எடு.”

கடைக்காரர் முகம் சிறுத்துப்போனது. எழுந்து உள்ளே போனார். அவர் எடுத்து வந்த பேரிங்கில் தேய்த்தும் எழுத்து போகவில்லை. சுழற்றியபோது ஓசையும் இல்லை. இவர் நன்றி சொல்லவில்லை. ஃபேனைப் போடச் சொல்லவும் இல்லை.

மாலையில் நான் அந்தப் பக்கமாகப் போனபோது, அவர் வீட்டு வாசலில் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தார். மனைவி விளக்குப் பிடித்தபடி என்னிடம் சொன்னார்: “எனக்கு வளையல் வாங்குறப்போ ஒரு தடவையாவது இப்படிக் காதுல வெச்சுப் பாத்திருப்பாரா, கேளுங்க!”

அவர் சிரிக்கவில்லை. கடைசி நட்டை முறுக்கிவிட்டு, வண்டிச் சாவியை மனைவி கையில் கொடுத்தார்.

“நீ ஓட்டு. பள்ளத்துல பாத்து எறக்கு.”

பின்கதவைத் திறந்து ஏறினார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சவப்பெட்டி வைக்கும் பலகையில் நீட்டிப் படுத்து, ஒரு காதைப் பலகையோடு அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டார்.